பெருந்தொற்று போனது, ஃப்ளூ போகவில்லை

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. போடிமெட்டு, பூப்பாறை வழியாகக் கேரளத்தின் சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் தேனி மாவட்டத்துப் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். சாரலுக்குப் படுதாவை இறக்கிவிட்டால் உள்ளே காற்றோட்டமே கிடையாது. ஃப்ளூ கிருமி பரவ ஒருவருடைய இருமல் போதும். மாலையில் அது தோட்டக் குடியிருப்புகளான லயங்களுக்கும் ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே எச்3என்2 ஃப்ளூ நாடெங்கும் பரவியிருந்தது. மார்ச் 10 அன்று தமிழக அரசு 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது. இப்படி நடப்பது புதிதல்ல. 2009இல் பெருந்தொற்றாக வந்த எச்1என்1, 2010 ஆகஸ்டில் ஓய்ந்ததாக அறிவிக்கப்பட்டது. அதே கிருமி 2015இல் திரும்பி வந்து இந்தியாவில் 2,000 பேருக்கு மேல் பலிகொண்டது.

கையில் இருக்கும் காப்பு

கொரோனா காலத்து முகக்கவசமும் இடைவெளியும் வீண்போகவில்லை. 'பி/யமகட்டா' என்ற ஃப்ளூ வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதிசெய்யப்படவில்லை. மற்ற வகைகளோ ஆண்டுதோறும் உருமாறுகின்றன. அதனால்தான் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. நம் பகுதியில் மழைக்காலத்தில் ஃப்ளூ அதிகம் என்பதால் ஏப்ரல், மே மாதங்களே ஊசிக்கு ஏற்றவை. எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரம் ஆகும். கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள், சர்க்கரை நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அவசியம் போட்டுக்கொள்ள வேண்டும்.

காய்ச்சலோடு மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒசல்டாமிவிர் மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். கடையில் தாமாக வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை ஃப்ளூ கிருமியை ஒன்றும் செய்யாது.

கூலியும் காய்ச்சலும்

காய்ச்சல் வந்தால் வீட்டில் இருங்கள் என்று சொல்வது எளிது. தினக்கூலிப் பெண்ணுக்கு ஒரு நாள் ஓய்வு என்பது ஒரு நாள் கூலி இழப்பு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே நோய்க்கால உதவித்தொகையைப் பேசியது. அந்தப் பாதுகாப்பு, தினமும் எல்லை தாண்டி வந்து போகும் கூலியாட்களுக்கும் கிடைக்க வேண்டும். தேசிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. எனவே கேரள, தமிழக அரசுகளும் தோட்ட உரிமையாளர்களும் சேர்ந்து, மழைக்கு முன் இவர்களுக்கு அதை இலவசமாகப் போட வேண்டும். காய்ச்சல் நாளுக்குக் கூலியும் தர வேண்டும்.