ஹெட்போனில் பாட்டு கேட்க சவுண்ட் கார்டு வாங்கப் போறீங்களா? பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

லேப்டாப்பில் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி ஒரு பாட்டு கேட்கிறீர்கள். பல்லவி முடிந்து இசை அடங்கும் அந்த ஒரு நொடியில் பின்னாடி 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். மவுஸை நகர்த்தினால் 'கிர்ர்'. சார்ஜரைச் சொருகினால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். யாரிடமாவது சொன்னால் உடனே பதில் வரும்: "நல்ல சவுண்ட் கார்டு ஒண்ணு வாங்கிப் போடுப்பா, எல்லாம் சரியாயிடும்."

என் நண்பர் ஒருவர் அப்படித்தான் 8,000 ரூபாய்க்கு ஒரு கார்டு வாங்கி, கேபினெட்டைத் திறந்து உள்ளே மாட்டினார். ஒரு வாரம் கழித்து போன் வந்தது. "ஒரு வித்தியாசமும் தெரியலடா" என்றார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அவர் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது புளூடூத் ஹெட்போனில்!

இதில் என்ன தப்பு என்கிறீர்களா?

சவுண்ட் கார்டு செய்வது என்ன?

கம்ப்யூட்டருக்குள் பாட்டு வெறும் எண்களாக இருக்கிறது. அந்த எண்களை மின் அலையாக மாற்றுவது முதல் வேலை. அதைச் செய்யும் சிப்பை 'டிஏசி' என்பார்கள். அந்த மின் அலைக்கு, ஹெட்போனுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை அசைக்கும் அளவுக்குப் பலம் கொடுப்பது இரண்டாவது வேலை. அதுதான் ஆம்ப்ளிஃபையர். சவுண்ட் கார்டு என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

புளூடூத் ஹெட்போனில் இந்த இரண்டும் ஹெட்போனுக்குள்ளேயே இருக்கின்றன. கம்ப்யூட்டர் எண்களை அனுப்புவதோடு சரி. யுஎஸ்பி பின் வைத்த ஹெட்செட்டும் அப்படியே. அதனால் இவற்றைப் பயன்படுத்துபவர்கள் எத்தனை ஆயிரம் ரூபாய்க்குக் கார்டு வாங்கி மாட்டினாலும், அது சும்மா உட்கார்ந்திருக்கும். 3.5 எம்எம் ஜாக்கில் ஒயர் சொருகும் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

கேபினெட்டுக்குள் மாட்டும் கார்டு தேவையா?

ஒரு காலத்தில் தேவைப்பட்டது. 1980-களின் பிசிக்கள் பெரும்பாலும் 'பீப்' சத்தத்தைத் தாண்டாது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் 'சவுண்ட் பிளாஸ்டர்' கார்டை விற்பனைக்குக் கொண்டு வந்த பிறகு பிசிக்கள் பாடுவதும் பேசுவதும் பரவலானது. அப்புறம் மதர்போர்டிலேயே ஆடியோ சிப் வந்துவிட்டது. விண்டோஸ் விஸ்டாவில் ஆடியோ வேலைகள் பெருமளவு மென்பொருளுக்கு மாறின. தனி கார்டின் மவுசு அத்தோடு குறைந்தது.

இன்றைக்குப் பாட்டு கேட்பதற்கு என்றால், யுஎஸ்பியில் சொருகும் விரல் அளவு டாங்கிளே பெரும்பாலானோருக்குப் போதும். காரணம் எளிது. கேபினெட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டு, ஃபேன், பவர் சப்ளை என எல்லாமே மின் இரைச்சலைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சந்தைக்கடைக்கு வெளியே வந்துவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. நல்ல தடுப்போடு வரும் உள் கார்டுகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டாங்கிளை நாளைக்கு லேப்டாப்பிலும் சொருகலாம், போனிலும் சொருகலாம்.

வாங்கும் முன் காசு செலவில்லாமல் ஒரு சோதனை

டெஸ்க்டாப் என்றால், ஹெட்போனை முன்பக்க ஜாக்கில் இருந்து எடுத்துப் பின்பக்க ஜாக்கில் மாட்டிப் பாருங்கள். முன்பக்க ஜாக்குக்குப் போகும் ஒயர் கேபினெட் முழுக்கச் சுற்றி வருகிறது, வழியில் இருக்கும் இரைச்சலை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். பல பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் கேளுங்கள. ரீங்காரம் நின்றுவிட்டதா? அப்படியானால் குற்றவாளி மின் இணைப்பு. சார்ஜர் தரமில்லாததாக இருக்கலாம், சுவர் பிளக் பாயிண்டில் எர்த் இல்லாமல் இருக்கலாம். டாங்கிளும் அதே லேப்டாப்பில் இருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. அதனால் அதை வாங்கினால் இந்த ரீங்காரம் கட்டாயம் போகும் என்று சொல்ல முடியாது. முதலில் வேறு பிளக் பாயிண்ட், எலெக்ட்ரீஷியனிடம் ஒரு பேச்சு. சில பேர் சத்தத்தை நிறுத்த மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடுவார்கள். அந்த வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், ஷாக் அடிக்கும்.

பேட்டரியில் ஓடும்போதும் மவுஸை நகர்த்தினால் 'கிர்ர்' கேட்கிறதா? இப்போது டாங்கிள் வாங்கக் காரணம் இருக்கிறது.

விண்டோஸ் 11-ல் சவுண்ட் செட்டிங்ஸுக்குள் போய் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' ஆன் ஆகி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆஃப் செய்ததும் குரல் தெளிவாகிவிட்ட லேப்டாப்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஓம் கணக்கு: இங்கேதான் பணம் வீணாகிறது

ஹெட்போன் பெட்டியில் '32 ஓம்', '250 ஓம்' என்று போட்டிருப்பார்கள். மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பு அது. ஒரு டாங்கிள் 1 வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். 32 ஓம் ஹெட்போனுக்கு அதில் சுமார் 31 மில்லிவாட் போய்ச் சேரும். 300 ஓம் ஹெட்போனுக்கு வெறும் 3 மில்லிவாட்தான். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு!

பேயர்டைனமிக் நிறுவனத்தின் 'டிடி 770 ப்ரோ' ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என்று தனித்தனியாக வந்திருக்கிறது. விலை குறைவாக இருக்கிறதே என்று 250 ஓமை ஆர்டர் செய்துவிட்டு, லேப்டாப்பில் சத்தமே வரவில்லை என்று புலம்புபவர்கள் உண்டு. சென்ஹைசரின் 'எச்டி 600' 300 ஓம். இப்படிப்பட்ட ஹெட்போன்களுக்குத்தான் 2 வோல்ட், அதற்கு மேல் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஓமோடு சென்சிடிவிட்டியையும் சேர்த்துப் பாருங்கள். ஓம் குறைவாக இருந்தும் அதிக பவர் கேட்கும் ஹெட்போன்கள் இருக்கின்றன.

சுருக்கு வழி ஒன்று: உங்கள் ஹெட்போனில் இப்போது வால்யூமைப் பாதிக்கு வைத்தாலே போதும் என்றால், பவருக்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

இன்னொரு ஓமும் இருக்கிறது. கார்டின் பக்கம் இருக்கும் 'அவுட்புட் இம்பீடன்ஸ்'. இது ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் நல்லது. அதாவது 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குள். அதிகமானால் சில ஹெட்போன்களில் பேஸ் வீங்கிப்போகும், சில இயர்போன்களில் குரலே மாறும். இந்த எண்ணை விளம்பரத்தில் பெரிதாகப் போட மாட்டார்கள். தேடித்தான் பார்க்க வேண்டும்.

பெரிதாகப் போடுவது எதை?

'32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ்' மாதிரி எண்களை. சிடியின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது அதிகபட்சம் கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் வரை அதிலேயே அடங்கிவிடும். வயது ஏற ஏற நமக்கு அதுவும் குறைந்துகொண்டே போகும். யூடியூபில் வரும் பாட்டு எப்படியும் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. இந்த எண்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

'7.1 சரவுண்ட்' என்று இருந்தால்? சாதாரண ஹெட்போனில் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான். மீதியெல்லாம் மென்பொருள் செய்யும் மாயம். கேம் விளையாடுபவர்களுக்கு எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று கண்டுபிடிக்க உதவலாம். பாட்டு கேட்கும்போது ஆஃப் செய்துவிடுங்கள்.

பாடிப் பதிவு செய்கிறவர்கள், பாட்காஸ்ட் செய்கிறவர்கள் மட்டும் மைக் இணைப்போடு வரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பக்கம் போகலாம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மாதிரி.

ஒரு எச்சரிக்கை

இரைச்சல் இல்லாத, பவர் அதிகமான ஆம்ப்ளிஃபையரில் ஓர் ஆபத்து இருக்கிறது. சத்தம் சுத்தமாக இருப்பதால் எவ்வளவு ஏற்றினோம் என்பதே தெரியாது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவே 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். தினமும் பஸ்ஸில் போக வர கேட்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், செவ்வாய்க்கிழமை தாண்டாது. கச்சேரிக்குப் போய் வந்ததும் காதில் 'ஞொய்' என்று ஒரு சத்தம் வருமே, ஹெட்போனைக் கழற்றிய பிறகு அது கேட்டால் அன்றைக்கே வால்யூமைக் குறைத்துவிடுங்கள்.

அந்த நண்பர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? கார்டைத் திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டிவிட்டது. இப்போது ஒயர் ஹெட்போன் தேடிக்கொண்டிருக்கிறார். லிங்க் அனுப்பும்போதெல்லாம் கீழே அவரே எழுதிவிடுகிறார்: "32 ஓம்தான், பார்த்துட்டேன்."