காசு கொடுத்த மின்னூல் யாருடையது?

2009 ஜூலையில் அமெரிக்காவில் பலருடைய, அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டிலிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ காணாமல் போனது. எல்லாரும் காசு கொடுத்து வாங்கியவர்கள். அந்தப் பதிப்பைக் கடையில் ஏற்றியவருக்கு விற்கும் உரிமையே இல்லை என்று தெரிந்ததும், அமேசான் தொலைவிலிருந்தபடியே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கண்காணிக்கும் அரசைப் பற்றிய நாவலுக்கே இந்தக் கதி! அமேசானின் அப்போதைய தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். ஆனால் பாடத்துக்காக அதைப் படித்துவந்த மாணவர் ஒருவரின் குறிப்புகள், எந்த வரிக்கு எழுதியவை என்றே தெரியாமல் பயனற்றுப் போயின. அவர் வழக்குப் போட்டார்.

2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. அங்கே வாங்கிய புத்தகங்கள் ஜூலையோடு திறக்காமல் போயின. பணம் திரும்பி வந்தது, புத்தகம் வரவில்லை.

இதற்கெல்லாம் வழிவிடுவது டிஆர்எம் என்னும் பூட்டு. கோப்பு உங்கள் கருவியில் இருக்கும். சாவியோ விற்றவரிடம் உங்களுக்குள்ள கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். கணக்கு முடங்கினால் அலமாரி முழுவதும் முடங்கும். இரவல் தரவோ, பழைய புத்தகக் கடையில் போடவோ, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவோ முடியாது. வாங்கிய, பூட்டுள்ள நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான் நிறுத்திவிட்டது. கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016இலிருந்து விற்பனையில் இருப்பதால் இது நம் வாசகர்களின் பாடும்தான். இப்படிப் பூட்டியும் திருட்டு பிடிஎஃப்கள் டெலிகிராமில் தாராளமாகச் சுற்றுகின்றன. பூட்டு தடுப்பது பெரும்பாலும் காசு கொடுத்தவரைத்தான்.

பொத்தானில் ‘வாங்கு’ என்று இருக்கும். யாரும் படிக்காத விதிமுறைகளில், கிடைப்பது படிக்கும் உரிமம் மட்டுமே என்று இருக்கும். உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று போடக்கூடாது என 2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் சட்டமே உண்டு.

நம் இந்தியச் சட்டம் பலர் அஞ்சுகிற அளவுக்குக் கடுமையானதல்ல. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. நோக்கம்தான் இங்கே முக்கியம். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகச் செய்வதை அந்தப் பிரிவு தடுக்கவில்லை. பார்வையற்றவர் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்ற 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் உரிமை இருந்து என்ன, பூட்டைத் திறக்கும் கருவியை யாரும் கையில் கொடுப்பதில்லை. இன்னொருவருக்காகத் திறந்து கொடுப்பவர், அவருடைய பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிந்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது.

வாங்கிய நூல் மறைந்தாலோ கணக்கு முடங்கினாலோ, ரசீதையும் திரையில் வரும் செய்தியையும் முதலில் படம் பிடித்து வையுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருட்களுக்கும் பொருந்தும். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு இவ்வளவு அலைச்சலா என்று தோன்றும். முடங்கியது பத்தாண்டு நூலகம் என்றால் கணக்கு வேறு.

அடிக்கோடிட்டவற்றையும் குறிப்புகளையும் அவ்வப்போது வெளியே எடுத்து வைப்பது செலவில்லாத காப்பு. இலவசத் தமிழ் மின்னூல்கள் தரும் மதுரைத் திட்டத்திலும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலும் உள்ள நூல்களுக்குப் பூட்டே இல்லை. கிண்டிலில் தாமே நூல் வெளியிடும் எழுத்தாளரிடம், பூட்டு வேண்டுமா என்று அமேசான் கேட்கத்தான் செய்கிறது. உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் அங்கே என்ன பதில் கொடுத்தார் என்று அவரிடமே கேட்கலாம்.