ரியோஹா: பீப்பாயா, மண்ணா?
வட ஸ்பெயினில் எப்ரோ நதியை ஒட்டிய ரியோஹாவில் சிவப்பு ஒயினுக்கு அந்தஸ்து தருவது வயது. லேபிளில் 'கிரியான்ஸா' என்றிருந்தால் குறைந்தது 2 ஆண்டுகள் முதிர்ந்தது. 'ரெஸர்வா' என்றால் 3. 'கிரான் ரெஸர்வா' என்றால் 5. திராட்சை பெரும்பாலும் டெம்ப்ரனியோ. சீக்கிரம் பழுப்பதால் வந்த பெயர் அது. அதன் செர்ரிப் பழச் சுவையோடு, அமெரிக்க ஓக் பீப்பாய் தரும் வனிலா மணமும் சேர்ந்துகொள்கிறது.

உள்ளூரில் இதற்குப் பொருத்தமான ஜோடி, காய்ந்த திராட்சைக் கொடிகளின் தணலில் வாட்டிய இளம் ஆட்டு விலாக்கறி. கறியின் கொழுப்பு ஒயினின் துவர்ப்பை அடக்கிவிடுகிறது. உருளைக்கிழங்கும் சொரீஸோ என்கிற பன்றி இறைச்சி சாசேஜும் போட்ட குழம்புக்கு இளம் கிரியான்ஸாவே போதும். மென்மையான கிரான் ரெஸர்வாவின் நுட்பம் காரத்தில் காணாமல் போய்விடும்.

ஆனால் பீப்பாயில் கிடந்த காலம் மட்டுமே தரமாகிவிடுமா? விளைந்த மண்ணுக்கு மதிப்பில்லையா? இந்த அதிருப்தியில்தான் புகழ்பெற்ற ஆர்ட்டாடி நிறுவனம் 2015 இறுதியில் ரியோஹா முத்திரையையே துறப்பதாக அறிவித்தது. 2017இல் ஒழுங்குமுறைக் குழு இறங்கி வந்தது. தனித் தோட்டங்களுக்கென்று தனி அந்தஸ்து பிறந்தது. ஒரு நிபந்தனை: கொடிகளுக்குக் குறைந்தது 35 வயதாகியிருக்க வேண்டும்.

ஆக, ரியோஹாவில் இப்போதும் வயதுக்குத்தான் மரியாதை. பீப்பாயோடு கொடியின் வயதையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.