சில்லும் அதன் சோதனையும்

கணிப்பொறியின் உயிர்நிலை சில்லு என்னும் சிறு சிலிக்கான் துண்டாகும். பொதுவாக, செய்து முடித்த சில்லின் சுற்றமைப்பை மாற்றவியலாது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சைலிங்க்ஸ் நிறுவனம், வாங்குவோரே தம் தேவைக்கேற்ப மாற்றியமைக்கத்தக்க சில்லொன்றை வெளியிட்டது. அதில் 64 தருக்கக் கட்டங்கள் இருந்தன. இன்றைய பெருஞ்சில்லுகளிலோ அவை இலட்சக்கணக்கில் உள்ளன.

மாற்றத்தக்கதுதானே என்று வாளாவிருத்தல் கூடாது. வானூர்தியில் இயங்குங்கால் பிழை வெளிப்படின் உயிருக்கே கேடு விளையும். ஆதலின், சில்லில் ஏற்றுமுன்னரே சுற்றின் வரைவை மென்பொருள் கொண்டு ஆராய்கின்றனர்.

எண்கள் சிலவற்றைக் கொடுத்து விடையைச் சரிபார்த்தல் ஒரு முறை. ஆயின், 32 இரும இலக்கங்கள் கொண்ட இரண்டு எண்களைக் கூட்டும் சுற்றை இவ்வாறு முற்றும் சோதிக்க, நொடிக்கு நூறு கோடி சோதனைகள் செய்யினும் 580 ஆண்டுகளுக்கு மேலாகும்!

மாணவர்களே! முக்கோணத்தின் கோணங்கள் கூடி இரண்டு செங்கோணமாகும் என்பதை, எல்லா முக்கோணங்களையும் அளந்தா அறிந்தோம்? ஒருமுறை நிறுவினோம், அஃது அனைத்திற்கும் பொருந்திற்று. அவ்வாறே மென்பொருளும் சுற்றின் செம்மையைக் கணித முறையில் நிறுவுகிறது. பிழையிருப்பின், அது நேரும் நிலையையே எடுத்துக் காட்டுகிறது.

எனினும், கேட்ட வினாவிற்கே அது விடை தரும். எதனைக் கேட்டல் வேண்டும் என்று தெளிதல் மனிதன் கடமையாகும்.