உறுமுவது எஞ்சினா, ஸ்பீக்கரா?

2011-ல் பி.எம்.டபிள்யூ தன் எம்5 காரின் புதிய தலைமுறையை அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்தைய எம்5-ல் இருந்தது பத்து சிலிண்டர் எஞ்சின். நிமிடத்துக்கு 8,000 சுற்றுகளைத் தாண்டியும் அலறக்கூடியது. புதியதில் எட்டு சிலிண்டர்தான், ஆனால் இரண்டு டர்போ. சக்தி கூடியது, பெட்ரோல் செலவு குறைந்தது, கூடவே சத்தமும் குறைந்துபோனது. அதற்கும் நிறுவனம் ஒரு வழி செய்திருந்தது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, எவ்வளவு சுமையை இழுக்கிறது என்பதைக் கணினி நொடிக்கு நொடி கவனித்து, அதற்கேற்ற உறுமலைப் பாட்டு கேட்கிற அதே ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிடும். சினிமா பாஷையில் சொன்னால், எஞ்சின் வாயசைக்கிறது. பின்னணி பாடுவது ஸ்பீக்கர்.

ரசிகர்கள் பலர் கொதித்துப்போனார்கள்.

கோபம் இருக்கட்டும், எஞ்சின் ஏன் ஊமையானது? டர்போ என்பது புகைபோகும் வழியில் குறுக்கே நிற்கும் ஒரு சின்னக் காற்றாடி. சிலிண்டரிலிருந்து பீறிட்டு வரும் வாயுவின் வேகத்தை வாங்கித்தான் அது சுழல்கிறது. அந்த வேகத்தோடு சத்தத்தின் ஒரு பங்கையும் அது தின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, சமீப ஆண்டுகளில் ஐரோப்பியப் பெட்ரோல் கார்களின் புகைக்குழாயில் நுண்துகள் வடிகட்டி வேறு சேர்ந்துகொண்டது. சட்டமும் சும்மா இருக்கவில்லை. சாதாரணக் கார்களுக்கான சத்த வரம்பை 72, 70, 68 டெசிபல் என்று படிப்படியாக இறக்க, 2014-லேயே ஐரோப்பிய ஒன்றியம் விதி போட்டது. 72-லிருந்து 68 என்றால் காதில் விழும் வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஒலியின் ஆற்றல் கணக்கில் அது பாதிக்கும் கீழே.

சத்தத்தின் அளவு மட்டுமல்ல, சுருதியும் மாறியது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். 6,000 சுற்று வேகத்தில் நான்கு சிலிண்டர் எஞ்சின் விநாடிக்கு 200 முறை வெடிக்கிறது. எட்டு சிலிண்டர் எஞ்சின் 400 முறை. அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே. பெரிய எஞ்சினை எடுத்துவிட்டு டர்போ வைத்த சின்ன எஞ்சினைப் பொருத்தினால் வேகம் கிடைத்துவிடும், அந்த ஸ்தாயி கிடைக்காது.

ஸ்பீக்கருக்கு முன்பே பொறியாளர்கள் கண்ட உபாயம் ஒன்று உண்டு: குழாய். எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் பாதையிலிருந்து ஒரு குழாயைப் பிரித்து, நடுவே மெல்லிய சவ்வு ஒன்றை வைத்து, மறுமுனையை ஓட்டுநர் பக்கம் திருப்பிவிடுவது. காற்று உள்ளே வராது, அதிர்வு மட்டும் வரும். 2011-ல் வந்த போர்ஷே 911-ல் ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் இந்தக் குழாய் திறந்துகொள்ளும். அடுத்த ஆண்டு வந்த டொயோட்டா ஜிடி86-லும் இதே ஏற்பாடு இருந்தது. இதைப் போலி என்று சொல்ல மனம் வருவதில்லை. கேட்பது அந்த எஞ்சினின் மூச்சுதான். கொஞ்சம் பக்கத்தில் வந்து கேட்கிறது, அவ்வளவே.

குழாய் வித்தையின் உச்சம் என்றால் லெக்சஸ் எல்எஃப்ஏ. 2010 முதல் 2012 வரை 500 கார்கள் மட்டுமே செய்யப்பட்டன. 4.8 லிட்டர், பத்து சிலிண்டர், டர்போ கிடையாது. எஞ்சினை உருவாக்குவதில் கைகோத்தது யமஹா மோட்டார். சத்தத்தைப் பதப்படுத்தியவர்களோ யமஹாவின் இசைக்கருவிப் பிரிவைச் சேர்ந்தவர்கள். 1887-ல் ஆர்மோனியத்தின் உறவுக்காரக் கருவியான ரீட் ஆர்கனைப் பழுதுபார்த்துத் தொழிலுக்கு வந்த வீட்டின் வாரிசுகள். எஞ்சினுக்குப் போகும் காற்று தேங்கி நிற்கும் தொட்டியை அவர்கள் ஒரு வாத்தியத்தின் குடம் போலவே நடத்தினார்கள். அதன் மூடியில் எங்கே விறைப்பு வேண்டும் என்று பார்த்து வரிகள் எழுப்பினார்கள். அங்கிருந்து எழும் ஒலி தனித்தனி வழிகளில் டேஷ்போர்டுக்குக் கீழும் மேலுமாக உள்ளே வந்து சேரும். மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. 9,000 சுற்றில் விநாடிக்கு 750 வெடிப்பு. எஞ்சின் அந்த வேகத்தை 0.6 விநாடியில் எட்டிவிடும். சாதாரண முள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்று சுழற்சிமானியையே திரைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த அளவு பணமும் பொறுமையும் எல்லா நிறுவனத்துக்கும் வாய்க்காது. ஃபோக்ஸ்வாகன் தன் ஜிடிஐ கார்களில் முன்கண்ணாடிக்கு அடியில் உள்ளங்கையளவு வட்டப் பெட்டி ஒன்றை வைத்தது. அது அதிர்ந்து, காரின் தகட்டையும் கண்ணாடியையும் அதிரவைத்து உறுமலை உண்டாக்கும். ஃபோர்டு 2015 மஸ்டாங்கின் நான்கு சிலிண்டர் மாடலில் ஸ்பீக்கர் வழியைப் பிடித்தது. எந்த உறுமல் பிடித்திருக்கிறது என்று மஸ்டாங் ரசிகர் மன்றத்தாரிடமே கேட்டுப் பார்த்தது. ரெனோ இன்னும் ஒரு படி மேலே போய், க்ளியோ ஆர்எஸ் காரில் நிசான் ஜிடி-ஆர் போலவோ மோட்டார் சைக்கிள் போலவோ சத்தத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றது. இது விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் பெரிதாக யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பெட்டியைத் தேடிப்பிடித்து அதன் வயரைப் பிடுங்கியவர்கள் ஃபோக்ஸ்வாகன் வைத்திருந்தவர்கள்தான். பொய்ச் சத்தத்தைவிட, அதைச் சொல்லாமல் செய்ததுதான் உறுத்தியிருக்க வேண்டும்.

இந்தச் சத்தம் வெறும் அலங்காரம் என்றும் தள்ளிவிட முடியாது. எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று பழகிய ஓட்டுநருக்குக் காதுதான் சொல்லும். மீட்டரைப் பார்க்க வளைவில் நேரம் ஏது? இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது, வேடிக்கை என்னவென்றால், எஞ்சினே இல்லாத ஒரு கார். 2023-ல் வந்த ஹூண்டாய் ஐயானிக் 5 என் முழுக்க மின்சாரத்தில் ஓடுவது. கியர் பெட்டி கிடையாது. ஆனால் ஓட்டுநர் விரும்பினால் எட்டு கியர் இருப்பதுபோல நடிக்கும். ஸ்பீக்கரில் பெட்ரோல் எஞ்சின் உறுமும், கியர் மாறும்போது கார் லேசாக உலுக்கும். உரிய நேரத்தில் மாற்றாவிட்டால் முடுக்கமும் நின்றுவிடும். போதும் என்றால் ஒரு பொத்தானில் எல்லாம் அடங்கிவிடும். அடிமுதல் நுனிவரை பொய்; ஆனால் ஒளிவுமறைவில்லாத, உபயோகமுள்ள பொய். எம்5-ன் பாதி உண்மையைவிட இது எவ்வளவோ மேல்.

அமெரிக்காவின் டாட்ஜ் நிறுவனம் காருக்கு உள்ளே மட்டும் உறுமினால் போதாது என்று நினைத்தது. 2022-ல் சார்ஜர் டேட்டோனா என்ற மின்சாரக் காரின் மாதிரியைக் காட்டியபோது, பின்புறக் குழாய் அறைகளின் வழியே 126 டெசிபல் வரை கத்தும் என்று பெருமையடித்தது. ஓசையில்லாமல் வரும் மின்சாரக் கார்கள் பாதசாரிகளுக்கு ஆபத்து என்பதால், மெதுவாகப் போகும்போது வெளியே கேட்கும்படி ஒலி எழுப்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். கார் விற்பனைக்கு வந்தபின் 2025-ல் ஆயிரக்கணக்கான டேட்டோனாக்களை நிறுவனம் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. காரணம், ஆம்ப்ளிஃபையரின் மென்பொருள் கோளாறால் அவை வெளியே சத்தமே போடாமல் போகக்கூடும் என்பது.