தண்ணீர்த் தொட்டியும் வேப்பங்கொட்டையும்

2006ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியதை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் சில நாளில் தணியும்; மூட்டுவலியோ பலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். நாடா இழுக்கும் கையும் மிதிக்கட்டை மிதிக்கும் காலும் முடங்கினால் நெசவாளிக்குக் கூலி ஏது? களைவெட்டும் கைக்கும் இதே கதிதான்.

இந்நோயையும் டெங்குவையும் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. சாக்கடையைக் காட்டிலும், வீட்டில் நாம் சேமித்து வைக்கும் தெளிந்த நீரையே அது விரும்பி நாடுகிறது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிச் சங்கங்களுக்கு நாம் செல்லுமிடத்து, "வேப்பங்கொட்டைச் சாற்றைத் தொட்டியில் ஊற்றினால் போதாதா?" என்று அங்கத்தினர்கள் வினவுகின்றனர். வினா நியாயமானதே. வேப்பம் விதையிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள், கொசுப்புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் 1990களின் முற்பகுதியில் நெல் வயல்களில் வேம்பைச் சோதித்தபோது கொசுப்புழுக்கள் குறைந்தன. அங்கும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறையை வேம்புடன் சேர்த்தும் சோதித்தனர்.

ஆயினும் வயல் வேறு, குடிநீர் வேறு. வீட்டில் இடிக்கும் சாற்றின் வீரியம் விதைக்கு விதை மாறும். வெயில் பட்டால் விரைவில் குன்றும். வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு நஞ்சேறியதாக மருத்துவ ஏடுகள் கூறுகின்றன. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் வைத்த நீரில் எந்தப் பச்சிலைச் சாற்றையும் கலத்தல் கூடாது.

செய்யத்தக்கது எளிது. முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை குடம், அண்டா, தொட்டி யாவற்றையும் கவிழ்த்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுந்தத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். வெறுமனே நீரை மாற்றுவது போதாது. சுவரில் ஒட்டிய முட்டைகள் ஈரமின்றியே பல மாதம் உயிர்த்திருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். பின்னர் நீர் நிரப்பி, நெருக்கமாக நெய்த துணியால் வாயை மூடி இறுகக் கட்டுக. நம் தறியில் நெய்த துணிக்கு இதனினும் நல்ல உபயோகம் உண்டோ? கவிழ்க்க இயலாத பெருந்தொட்டிகளுக்குச் சுகாதாரப் பணியாளர் உரிய அளவில் மருந்திடுவர். அவர்களைத் தடுக்க வேண்டாம்.

ஒரு வீட்டுத் தொட்டியில் பிறந்த கொசு அடுத்த வீட்டுக்காரரையும் கடிக்கும். ஆதலால் ஊருக்கொரு பொதுநாள் குறித்து, எல்லா வீடுகளிலும் ஒன்றாகத் தொட்டி கழுவும் ஏற்பாட்டை ஒவ்வொரு சங்கமும் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.