கடிதம் நம் கைக்கே வர: வீட்டிலேயே செய்யலாம் ஒரு தபால் பெட்டி

கைத்தொலைபேசி எல்லா லயங்களுக்கும் வந்துவிட்டது. ஆனாலும் நீதிமன்ற அழைப்பாணை, அடகு நகை பற்றிய வங்கி அறிவித்தல், பிள்ளையின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் என்பன இன்றும் தபாலில்தான் வருகின்றன. ஒரு கடிதம் பத்து நாள் பிந்தினால் நகை ஏலத்துக்குப் போகலாம். பிள்ளையின் வேலை கைநழுவலாம்.

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இது இன்னும் முக்கியமானது. 1977, 1983 வன்செயல்களின் பின்னர் மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறின. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தோட்டத்து இளைஞர்களும் தடுத்து வைக்கப்பட்டனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக வந்த ஒரு துண்டுச் செய்திக்காக மாதக்கணக்கில் காத்திருந்த தாய்மார் நம்மிடையே உள்ளனர். 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் போன்ற இடங்களுக்கு முறையிட்டவர்கள் பதிலுக்காக இன்றும் வாசலைப் பார்க்கின்றனர். அந்தக் கடிதம் நாலு கை மாறிப் பிரிந்த உறையோடு வருவது நல்லதா?

தோட்டத்துத் தபால் வந்த வழி

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் தப்பால்காரர் ஒருவர் இருந்தார். பூட்டிய பையுடன் தபாலகத்துக்கு நடந்து சென்று, துரையின் கடிதத்தையும் தொழிலாளியின் கடிதத்தையும் ஒன்றாகச் சுமந்து வருவார். தொழிலாளிக்கு என்று தனி முகவரி இருக்கவில்லை. தோட்டத்தின் பெயரே எல்லோருக்கும் முகவரி. இன்றும் பல தோட்டங்களில் கடிதம் ஆபிசுக்கு வந்து, அங்கிருந்து யார் யார் கையிலோ லயத்துக்கு வருகிறது. வாசலில் பூட்டுள்ள பெட்டி ஒன்று இருந்தால், கொண்டு வருபவர் யாராயினும், "இதற்குள் போடுங்கள்" என்று சொல்லலாம்.

என்ன மரம்?

பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்த ஊர்; கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,200 அடி. மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் இடத்தில் ஒட்டுப்பலகை நிலைக்காது. ஈரம் ஏறியதும் தட்டுத் தட்டாக உரிந்துவிடும். பச்சை மரமும் வேண்டாம். காயும்போது வளையும், வெடிக்கும். பழைய கதவு, ஜன்னல் பலகைகளே நல்லவை. தோட்டத்து மரத்தை அனுமதியின்றி வெட்டக் கூடாது. முக்கால் அங்குலத் தடிப்புப் பலகை போதும்.

அளவும் செய்முறையும்

பெரிய கடித உறை மடியாமல் உள்ளே நிற்க வேண்டும். ஆகவே பெட்டியின் உள் அகலம் 11 அங்குலம், ஆழம் 5 அங்குலம். முன்பக்க உயரம் 18, பின்பக்க உயரம் 20 அங்குலம். கூரைப் பலகை 15க்கு 9 அங்குலம். முன்பக்கம் சரிந்து, வெளியே நீட்டி நிற்க வேண்டும். அதன்மேல் ஒரு தகரத் துண்டு அடித்தால் இன்னும் நல்லது.

1. முன்பலகையை இரண்டாகப் பிரியுங்கள். மேல்துண்டு 11 அங்குலம், அதை இறுக்கிப் பூட்டுங்கள். கீழ்த்துண்டு 7 அங்குலம், அதுதான் கதவு.

2. மேல்துண்டில், அதன் மேல் விளிம்பிலிருந்து 2 அங்குலம் கீழே, 10 அங்குல நீளமும் முக்கால் அங்குல உயரமும் உள்ள வாய் வெட்டுங்கள். இதைவிடப் பெரிதானால் கை நுழையும்.

3. வாய்க்குக் கீழே உட்பக்கமாக ஒரு சறுக்குப் பலகை வையுங்கள். அது முன்பலகையில் தொடங்கிப் பின்னோக்கிச் சரிய வேண்டும். பின்பலகைக்கும் அதற்கும் இடையில் ஒன்றரை அங்குல இடைவெளி விடுங்கள். கடிதம் சறுக்கிக் கீழே விழும். கம்பி விட்டு மேலே இழுப்பது கடினம்.

4. கதவின் பிணைச்சலை அடி விளிம்பில், கதவை மூடினால் திருகாணி வெளியே தெரியாதபடி பொருத்துங்கள். கொண்டியும் அப்படியே. ஆமைப்பூட்டு எவ்வளவு பெரிதானாலும், வெளியே தெரியும் திருகாணியைக் கழற்றினால் பெட்டி திறந்துவிடும்.

5. அடிப்பலகையில் கால் அங்குலத் துளை நான்கு இடுங்கள். உள்ளே புகும் நீர் வடிந்துவிடும்.

6. உள்ளும் புறமும் பெயின்ட் பூசுங்கள். பலகையின் வெட்டுமுனைகளே அதிகம் நீர் குடிக்கும். அங்கே இரண்டு முறை பூசுங்கள். கதவைச் சுற்றிச் சிறிது இடைவெளி விடாவிட்டால் மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும்.

சுவரில் பூட்டும்போது, கதவைத் திறந்து பெட்டியின் உள்ளிருந்தே பின்பலகை வழியாகத் திருகாணியை இறுக்குங்கள். பழைய லயச் சுவர் உதிருமானால், இஸ்தோப்புத் தூணில் துளையிட்டு, சுரை பெட்டிக்குள் வருமாறு போல்ட் போடுங்கள். பன்னிரண்டு காம்பரா உள்ள லயத்தில் எல்லோரும் சேர்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பூட்டுள்ள பெட்டி வரிசையாகவும் செய்யலாம். செலவும் குறையும்.

சாவியும் முகவரியும்

சாவி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். மற்றதை நீங்கள் நம்பும் ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். உங்கள் பெயருக்கு வரும் கடிதத்தை முதலில் பிரிப்பது உங்கள் உரிமை. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பதிவுத் தபால் பெட்டியில் போடப்படாது. கையொப்பமிட்டே பெற வேண்டும். வீட்டில் ஆள் இல்லாதபோது அறிவித்தல் துண்டு விடப்பட்டால், அடையாள அட்டையுடன் தபாலகம் செல்லுங்கள்.

பெட்டியின் மேல் பெயர், வீட்டு இலக்கம், லய இலக்கம், டிவிஷன், தோட்டம், தபாலகம் ஆகியவற்றை மழையில் அழியாத பெயின்டால் எழுதுங்கள். அதே முகவரியைத் தபாலதிபருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் கடிதமாகக் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு இலக்கமே இல்லாத லயமாயின், அதைப் பிரதேச சபையிடம் எழுத்தில் கேளுங்கள். பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவையாற்ற வழிசெய்யும் சட்டத் திருத்தம் 2018இல் நிறைவேறியது. தனியாகக் கேட்பதைவிட, லயத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே மனுவில் கையொப்பமிட்டுக் கேட்பது பலமானது. பலகை அறுக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை அந்த மனுவையும் எழுதிவிடுங்கள்.